இனி கேட்க வேண்டாம்

கேட்டது யார் என்று அவள் யோசிக்க ஆரம்பித்தபோது, பதில் சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

"உள்ள வரட்டுமா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "சரி" என்று சொல்லிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணினித் திரையில் மூன்று ஜன்னல்கள் திறந்திருந்தன, மூன்றிலும் ஆளுக்கொரு கேள்வி அவள் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது, ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்த ஹெட்போனில் மேலாளர் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில் ஒரு குரல் பணிவாக வந்து கேட்டால் வாய் தானாகச் சரி என்றுதான் சொல்லும். வாலுவாகத்தான் இருக்கும். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை, தனியாகக் கிடக்கப் பிடிக்காமல் ஹாலுக்கு வரக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது. வாலு என்றைக்கு அனுமதி கேட்டாள்? நாலு வயது மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர் வைத்ததே, கேட்காமல் மடியில் ஏறி, கேட்காமல் கீபோர்டைத் தட்டி, கேட்காமல் அம்மாவின் செல்போனைத் தண்ணீர் வாளியில் குளிப்பாட்டியதற்காகத்தான்.

திரும்பிப் பார்த்தாள். ஹாலில் யாரும் இல்லை. வெளியே காலையிலிருந்து விடாத மழை. மத்தியான நேரம் பொழுது சாய்ந்த மாதிரி மங்கலாகக் கிடந்தது. வாசல் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக மாடிப்படியின் ஈரக் காற்றும், நாள்கணக்காக மாற்றாத பூஜாடித் தண்ணீரைப் போன்ற ஒரு வாடையும் உள்ளே வந்துகொண்டிருந்தன.

மருந்துக்கடைப் பையன் வந்து போனபோது சரியாகச் சாத்தாமல் விட்டிருப்போம். அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்தித் தாழ் போட்டாள். மிதியடி சொதசொதவென்று நனைந்திருந்ததைக் கால் உணர்ந்தது, கவனம் உணரவில்லை. நடைவழியின் கடைசியில் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வாலு சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தொட்டாள், நெற்றி சுட்டது. மருந்து கொடுத்து அதிக நேரம் ஆகவில்லை, இறங்கும். இறங்கியே ஆக வேண்டும்.

போன முறை இப்படித்தான் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் சொருகிவிட்டது. டாக்டர் அன்றைக்கே சொல்லி அனுப்பினார். "சும்மாதானே தூங்கறான்னு விட்டுடாதீங்கம்மா. பக்கத்துலயே இருங்க. தொட்டுத் தொட்டுப் பாருங்க." தொட்டாள். தொட்டுவிட்டு, ஹாலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த மணியோசைக்கு ஓடினாள். இந்த ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

மணியடித்தது எடுபிடி. கணினி நிரல் எழுதும் இயந்திர உதவியாளனுக்கு அவளுடைய குழு வைத்த செல்லப்பெயர் அது. அதற்குக் கம்பெனிக்காரர்கள் ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். யார் அதைச் சொன்னார்கள்? எடுபிடி நன்றாகத்தான் வேலை செய்யும். பத்துப் பேர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வதைக் கண்ணெதிரே எழுதிப் போட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று, திரையில் ஒரு வரி எழுதிக் கேட்கும். இந்தக் கோப்பைத் திருத்தட்டுமா? இதை அழிக்கட்டுமா? கீழே மூன்று பதில்கள். சரி. இல்லை. சரி, இனி கேட்க வேண்டாம். கடைசிப் பதிலை அழுத்தக் கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பான உத்தரவு. நாளைக்கு ஏதாவது வெடித்தால் ஒரு மனிதர் சரி சொன்னார் என்று காட்ட ஆள் வேண்டுமே, அதற்குத்தான். தலை உருள்வதற்கு ஒரு தலை வேண்டும்.

அழுத்தி அழுத்தி அவளுடைய மணிக்கட்டு வீங்கிப்போனது. இரண்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேலாளரிடம் காட்டினாள். லீவ் வரவில்லை, மைக் வைத்த ஹெட்போன் ஒன்று கூரியரில் வந்தது. கையால் அழுத்த வேண்டாமாம், வாயால் சொன்னால் போதுமாம். அன்றிலிருந்து எடுபிடி எழுத்தில் கேட்கும், அவள் குரலில் பதில் சொல்வாள். காலையிலிருந்து இரவு வரை சரி, சரி, சரி. தூக்கத்தில்கூடச் சொல்வதாகக் கணவர் கேலி செய்தார். "உன் கிட்னியைக் குடுன்னு கேட்டாக்கூட சரின்னுடுவ போல." மேல்வீட்டு அம்மா ஏணி கேட்டு, சரி என்று சொல்லி, அந்த ஏணி இன்றுவரை திரும்பி வரவில்லை. எப்போது கேட்டார், எப்போது கொடுத்தோம், ஒன்றும் நினைவில்லை.

இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு மெயில் வேறு அனுப்புவார்கள். அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் புல்லில் ஒரு பெண் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கிற படம். அவ்வப்போது எழுந்து நடங்கள், தூரத்தில் இருக்கும் மரத்தைப் பாருங்கள், உங்கள் நலமே எங்கள் பலம். எந்த மரத்தைப் பார்ப்பது? அவள் ஜன்னலுக்கு எதிரே இருந்தது பக்கத்துக் கட்டடத்தின் குழாய். முன்பெல்லாம் நிரலைச் சோதனைக்குப் போட்டால் அது ஆடி அசைந்து ஓடி முடிக்கும்வரை செய்வதற்கு எதுவும் இருக்காது. எல்லோரும் எழுந்து போய் டீ குடிப்பார்கள், மேலாளரைப் பற்றி வம்பு பேசுவார்கள், படிக்கட்டில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். அதற்கு இடைவேளை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. மனுஷன் மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். எடுபிடி வந்தது, அந்த நேரமும் போனது. ஒன்று ஓடும்போது சும்மாதானே இருக்கிறீர்கள், இன்னொன்றைத் திறங்கள். இரண்டும் ஓடும்போது மூன்றாவது. இப்படி மூச்சு விடுகிற நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு, மூச்சு விடுங்கள் என்று மெயில் அனுப்புகிறார்கள். செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று காலையிலும் லீவ் கேட்டாள்.

"பாப்பாவுக்கு நல்ல காய்ச்சல் சார். போன தடவை வலிப்பு வந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"அடடா. குழந்தைதான் மேடம் முக்கியம், கூடவே இருங்க. லீவ் எதுக்கு? வீட்ல இருந்தே பண்ணுங்க. எடுபிடிதானே எழுதப் போகுது, நீங்க பக்கத்துல இருந்து சரின்னு சொன்னா போதும். நடுவுல நடுவுல பிரேக் எடுத்துக்கங்க."

அதைக் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள்? சரி என்றாள்.

கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். "ஒரு நாள் நீ இல்லைன்னா கம்பெனி கவுந்துடுமா?" என்று போனில் கேட்டார். "நீங்க போகாம இருந்திருந்தா உங்க கம்பெனி கவுந்திருக்குமா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். கோபம் வயிற்றில் தங்கிவிட்டது. காலையிலிருந்து அதைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

முதல் ஜன்னலுக்குச் சரி சொன்னாள். இரண்டாவதற்குச் சொன்னாள். மூன்றாவது ஏதோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஹெட்போன் மாட்டாத காதருகே, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆளின் தயக்கத்தோடு அந்தக் குரல் கேட்டது.

"விளக்கை அணைச்சிடட்டுமா?"

"ம், சரி."

மழை ஜன்னல் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை முனகி அடங்கியது. பின்னால், நடைவழியில், சுவிட்ச் ஒன்று மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்ற அக்கறையோடு, அமுங்கும் ஓசை வந்தது. அவள் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. திரையின் கறுப்பான ஓரத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்த நடைவழியின் வெளிச்சம் சற்றுமுன் வரை ஒரு மஞ்சள் கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை.

பல்பு போய்விட்டதா? மின்சாரமா? ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தைத் திருப்பினாள். நடைவழி இருட்டாக நீண்டு கிடந்தது. அதன் முடிவில் வாலுவின் அறைக்கதவு பாதி திறந்தபடி இருந்தது.

"வாலு? எழுந்துட்டியாடி?"

உள்ளேயிருந்து காய்ச்சல் தூக்கத்தின் சிணுங்கல் ஒன்று வந்தது. குழந்தைதான். குழந்தையின் குரல்தான். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்திருக்கும். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சுவிட்ச் வாலுவின் உயரத்துக்கு எட்டாது என்பது நினைவுக்கு வருவதற்குள் மேலாளர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், மூணாவது என்ன ஆச்சு? எல்லாரும் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்."

"ஓடிட்டிருக்கு சார். நடுவுல குழந்தையைப் போய்ப் பாக்கணும்."

"தாராளமா பாருங்க. இதை முடிச்சுட்டுப் பாருங்க."

வாடை இப்போது ஹாலுக்குள் வந்திருந்தது. தேங்கிய தண்ணீர், ஊறிய சாக்கு, அதற்கடியில் லேசாக ஒரு தித்திப்பு. மழைக்கு எங்கோ சுவர் ஒழுகுகிறது என்று மூளையின் ஒரு மூலை சொன்னது. இன்னொரு மூலை எழுந்திரு என்றது. எழுந்திரு, இப்போதே எழுந்து போ. அவள் மேசையில் கை ஊன்றினாள். முதல் ஜன்னல் மணியடித்தது. பழைய தரவை அழிக்கட்டுமா? படிக்காமல் சரி சொன்னால் மென்பொருள் ரிலீஸே நாசமாகும் இடம் அது. கண்ணைச் சுருக்கிப் படித்தாள். காலையிலிருந்து அசையாத கழுத்து, கட்டை போல் இறுகியிருந்தது. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி எழுத்துகள் உறுத்தின.

"பாப்பா பக்கத்துல போய் உக்காரட்டுமா?"

"சரி" என்றாள். திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். திரையில் முதல் ஜன்னல் அதைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

மறுநொடி அவள் நிமிர்ந்தாள்.

பாப்பா. எடுபிடிக்குப் பாப்பா தெரியாது. மீட்டிங்கில் யாராவது விளையாடுகிறார்களா? அவள் பேச வாயைத் திறந்தாள். குரல் கரகரத்தது.

"இப்ப யாராவது எங்கிட்ட ஏதாவது கேட்டீங்களா?"

 மீட்டிங்கில் யாரோ சிரித்தார்கள்.

"மேடம் தூங்கிட்டாங்க போல," என்றார் மேலாளர். அவரும் சிரித்தார். "அதுக்குத்தான் மெயில் அனுப்பறோம், யாரு படிக்கறீங்க? முகத்தைக் கழுவிட்டு ஒரு சின்ன பிரேக் எடுத்துட்டு வாங்க. ஆனா அந்த மூணாவதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு எடுங்க. சும்மா சரின்னு சொல்ற வேலைதானே."

சும்மா சரின்னு சொல்ற வேலை.

அவளுக்குள் அடங்கிக் கிடந்த அத்தனையும் பால் பொங்குகிற மாதிரி ஒரே மூச்சில் மேலே வந்தது. வீங்கிய மணிக்கட்டு, யாரும் மதிக்காத டாக்டர் சீட்டு, சோம்பல் முறிக்கிற பச்சைப்புல் பொம்பளை, வெளியூரில் ஓட்டல் அறையில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொல்லும் கணவர், பத்தடி தூரத்தில் பிள்ளை வெந்துகொண்டிருக்க இங்கே உட்கார்ந்து சிரிப்புச் சத்தம் கேட்கிற தன் தலைவிதி. மூன்று ஜன்னல்களும் ஒரே சமயத்தில் மணியடித்தன. அந்தக் குரலும் அதே சமயத்தில், அதே பணிவோடு, இப்போது கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்டது.

"இனிமே ஒவ்வொண்ணுக்கும் உங்களைக் கேக்கணுமா?"

"கேக்காத," என்று கத்தினாள். "எதுக்கும் எங்கிட்ட வராத. எல்லாத்துக்கும் நானா? என்ன பண்ணணுமோ பண்ணித் தொலை. இனிமே எதையும் என்னைக் கேக்காத."

மூன்று ஜன்னல்களும் கேட்பதை நிறுத்தின. கூடாது என்று உத்தரவு போட்டிருந்த அந்தக் கடைசிப் பதிலை மூன்றும் எடுத்துக்கொண்டுவிட்டன. வரிகள் சரசரவென்று மேலே ஓடின, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல்.  கொஞ்சம் கழித்து மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்புறம் பேசலாம் என்று முணுமுணுத்துவிட்டு மீட்டிங்கிலிருந்து வெளியேறினார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள். மூச்சு வாங்கியது. நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால். எத்தனை மாதமாக அடக்கி வைத்தது. வேலை போனால் போகட்டும். இனி எழுந்து போய்ப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவளை எட்டியது.

மழை நின்றிருந்தது. மின்விசிறியின் கிரீச்சு மட்டும். ஜன்னல்களில் மணி இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. காலையிலிருந்து முதல் முறையாக அவளிடம் யாருக்கும் எந்தப் பதிலும் தேவைப்படவில்லை, அது நிம்மதியாக இருக்க வேண்டியது, இல்லை. அந்த அமைதிக்குள் நடைவழியின் முடிவில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தவில்லை. பதமாக, கைப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சாத்துகிற சாத்தல்.

எடுபிடிக்குக் குரல் கிடையாது.

இத்தனை நேரம் இதை எப்படி மறந்தாள்? அது எழுதும். எழுத மட்டும்தான் செய்யும். ஒரு நாளும் அது வாய் திறந்து ஒரு சொல் கேட்டதில்லை. பேசுவது அவள் ஒருத்தி மட்டும்தான்.

உள்ள வரட்டுமா. சரி.

விளக்கை அணைச்சிடட்டுமா. சரி.

பாப்பா பக்கத்துல.

நாற்காலி பின்னால் விழுந்தது. இரவும் பகலும் உட்கார்ந்தே கிடந்த கால்கள் மரத்துப்போயிருந்தன. எழுந்தவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். சுவர் ஈரமாக இருந்தது. இடுப்பு உயரத்தில், கையை வைத்துத் தடவிக்கொண்டே போன மாதிரி, வாசல் பக்கத்திலிருந்து நடைவழிக்குள் அந்த ஈரம் ஒரே பட்டையாகப் போனது. சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினாள். கால் வைத்த இடமெல்லாம் தரை குளிர்ந்து வழுக்கியது. வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்தது.

"வாலு."

சுவரைப் பிடித்தபடியே அறைக்கதவை எட்டினாள்.

"கண்ணு. அம்மா வரேன்டா."

கதவு தாழ்ப்பாள் போடப்படவில்லை. கைப்பிடி சுலபமாகத் திரும்பியது. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜன்னல் திரையை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். சாம்பல் வெளிச்சம். கட்டில் காலியாக இருந்தது. போர்வை நான்காக மடித்துத் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. இந்த வீட்டில் யாரும் அப்படிப் போர்வை மடித்ததில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில், அது உட்கார்ந்திருந்தது.

சம்மணமிட்டு, முதுகு காட்டி. தலை குனிந்திருந்தது. முடியா, துணியா, நிறம் தெரியாத ஏதோ ஒன்று தோளிலிருந்து வழிந்து தரையில் பரவி நீர் கசிந்துகொண்டிருந்தது. மடியில் வாலு. வாலுவின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, சிறிய வெளுத்த பாதம். அதன் கை ஒன்று வாலுவின் நெஞ்சில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கை. தோல் சுருங்கி, நகங்கள் மிருதுவாகி, முழங்கை இருக்க வேண்டிய இடத்துக்கு அப்பாலும் நீண்டு போகிற கை.

தட். தட். தட். எந்தத் தாயும் தட்டுகிற அதே நிதானம்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். 

"விடு."

கை நின்றது.

"வேண்டாம். விட்டுடு. எம் பொண்ணை விடு."

கை நெஞ்சிலிருந்து எழும்பி, காற்றில் ஒரு கணம் யோசித்து, வாலுவின் முகத்தின் மேல் இறங்கியது. மெதுவாக. மூக்கையும் வாயையும் சேர்த்து, ஈரத்துணி போல் ஒட்டிக்கொண்டது. சிறிய பாதம் விறைத்தது. விரல்கள் விரிந்தன. அவள் ஓரடி முன்னால் பாய்ந்தாள். கை இன்னும் அழுத்தியது. அவள் நின்றாள். கை அழுத்தியபடியே இருந்தது. பாதம் தரையை உதைத்தது. ஒருமுறை. இன்னொருமுறை, அதைவிட மெல்ல.

நிறுத்து என்றாள். கெஞ்சினாள். யார் நீ என்றாள். என்னை எடுத்துக்கொள் என்றாள். இல்லை, இல்லை, இல்லை என்றாள். அந்த முதுகு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

பாதம் உதைப்பதை நிறுத்தியது.

"சரி," என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியாது. வாய் சொன்னது. வாய்க்குத் தெரிந்தது அதுதான்.

கை எழும்பியது. நெஞ்சில் ஒரு தட்டு தட்டியது. வாலு இழுத்து மூச்சு விட்டாள், கிணற்றிலிருந்து மேலே வந்தவள் போல.

கை மறுபடி முகத்தை நோக்கி நகர்ந்தது.

"சரி."

தட்.

"சரி."

தட்.

புரிந்துவிட்டது. ஒரு சரிக்கு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு மூச்சு. அவ்வளவுதான் கணக்கு. ஹாலில் போன் அடித்தது. கணவருடைய அழைப்புக்கு வைத்திருந்த ஓசை. அடித்து, நின்று, மறுபடி அடித்தது. எடுக்கப் போக முடியாது. கத்தி அக்கம்பக்கத்தைக் கூப்பிட முடியாது. கூப்பிடுகிற நேரத்தில் ஒரு சரி தவறும். எச்சில் விழுங்கினாள். அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. கை முகத்தில் படிந்துவிட்டது. "சரி, சரி, சரி." கை எழுந்தது. தட். வாலு தூக்கத்தில் விசும்பினாள். கண் திறக்கவில்லை. திறக்காமல் இருக்கட்டும்.

"சரி."

தட்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் அறையின் வாசலருகே நின்றாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மூச்சு தப்பும். கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது, துடைக்கவில்லை. ஆத்திரம்கூட இன்னும் இருந்தது, எங்கோ அடியில், ஆனால் அதைச் சொல்வதற்கு வாயில் இடமில்லை. கணவர் நாளைக்குத்தான் வருவார். வந்து மணி அடிப்பார். தாழ் உள்ளே போட்டிருக்கிறது.

"சரி."

தட்.

"சரி."

அந்தக் குனிந்த தலை முதல் முறையாக லேசாக நிமிர்ந்தது. திரும்பவில்லை. காதை மட்டும் அவள் பக்கம் சாய்த்து, ஆசையாக, பொறுமையாக, அடுத்ததற்குக் காத்திருந்தது.

அவளுடைய தொண்டையில் ஓர் இருமல் ஏறிக்கொண்டிருந்தது.